சீர்வெள்ளி கறுத்த வீடு

அத்தியாயம் 14

அன்று பகல் பதினொன்றரை மணிக்கு கேல்ஷிகர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நாற்காலியில் வீட்டுப் பெரியவர் மோரேஷ்வர். சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்த அவர் மனைவி சுலபா. ஸ்டூல் மேல் ஏறி ஊஞ்சல் சங்கிலிக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்த மகன் அமேய். பச்சைப் புடவையும் ஏழு மாத வயிறுமாக அந்த ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மருமகள் ருத்துஜா. சிப்ளூணிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியிருந்த அவள் அப்பா திகம்பர் நாக்வேகர். கடைசியாக, எதிர் பிளாட் புஷ்பா காகு, அதாவது புஷ்பா சித்தி. பன்னிரண்டரைக்கு அழைத்தால் பதினொன்றுக்கே வந்து நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்வது அந்த அம்மாளின் வழக்கம்.

ஆறு பேர் என்று எண்ணிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் இருபது பேருக்குக் குறையாது.

ஏழாம் மாதத்து விருந்து. கர்ப்பிணிக்குப் பூநகை சூட்டி, ஊஞ்சலில் வைத்து, ஆசைப்பட்டதையெல்லாம் வெள்ளித் தட்டில் பரிமாறுவார்கள். சமையலறையில் பூரண் போளி மணத்துக்கொண்டிருந்தது. ஆனால் கூடத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

எல்லாம் அந்த வெள்ளியால் வந்தது.

போன டிசம்பரில் கல்யாணம். திகம்பர் மகளுக்குப் பத்து உருப்படி வெள்ளி கொடுத்திருந்தார். தட்டு, கிண்ணங்கள், விளக்கு, குங்குமச் சிமிழ். மூன்று தலைமுறையாக சிப்ளூண் கடைத்தெருவில் வெள்ளிக்கடை நடத்துகிறவர் மகளுக்குக் குறை வைப்பாரா? அடுத்த மாதமே சங்கராந்தி வந்தது. அவர்கள் வழக்கப்படி புது மருமகளுக்குக் கறுப்புப் புடவை கட்டி, மஞ்சள் குங்குமத்துக்குப் பெண்களை அழைத்து, சீர்வெள்ளியைப் பரப்பி வைத்தார்கள். ஐந்தே வாரத்தில் அது கறுத்துப் போயிருந்தது. அதற்கு முன்பே சுலபா ஒருமுறை பல்பொடி போட்டுத் தேய்த்திருந்தாள். நான்காம் நாளே மறுபடி கறுத்துவிட்டது.

"புடவைக்கு மேட்ச்சா வெள்ளியும் கறுப்பாவே குடுத்துட்டாங்களா?" என்று அன்று வந்திருந்த புஷ்பா காகு கேட்டாள்.

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மோரேஷ்வர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சிப்ளூண் வெள்ளிக்கு நம்ம ஊர்க் காத்து ஒத்துக்கலை போல."

பெண்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான் அவர் பேசியது. அந்த ஒரு வாக்கியம் ஒரே வாரத்தில் சிப்ளூண் போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது, நாக்வேகர் பெற்ற மகளுக்கே கலப்பட வெள்ளி கொடுத்தார் என்று ஆகியிருந்தது.

இரண்டு குடும்பமும் பொற்கொல்லர் சமூகம். உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் சீராக வந்த வெள்ளியை உரைகல்லில் வைப்பது அந்தச் சமூகத்தில் கிடையாது. கொடுத்தவர் முகத்தில் அறைவதற்குச் சமம். மரியாதைக்காக உரசாமல் விட்டார்கள். உரசாததால் சந்தேகமும் போகவில்லை. வேறு எந்தச் சமூகத்திலும் இப்படி ஒரு முடிச்சு விழுந்திருக்காது.

இதெல்லாம் வாசகர்கள் அறிந்ததுதான். சென்ற வாரம் நடந்ததை மட்டும் மோரேஷ்வரைத் தவிர அந்த வீட்டில் யாரும் அறியவில்லை.

அந்த ஆண்டில் மூன்றாம் முறையாக ஏசி நின்றுபோனது. பழுதுபார்க்க வந்த ரஃபீக் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த செம்புக் குழாயைக் காட்டினான். கரிக்கட்டையாக இருந்தது.

"காத்துதான் சாகேப் இதைத் தின்னுது. இந்த அபார்ட்மென்ட் சொசைட்டில முப்பது வீட்ல இதே கதை. அந்தக் குப்பை மேட்டுக்குள்ள அழுகற காத்து மண்ணுக்கடியில ஊர்ந்து வருது. வெள்ளி கிள்ளி வெச்சிருந்தா எடுத்துப் பாருங்க, அதுவும் இப்படித்தான் இருக்கும்."

மோரேஷ்வர் அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு நாள் ஆயிற்று.

சுலபா தட்டு வைக்க வந்தாள். எவர்சில்வர் தட்டு.

திகம்பர் அதைப் பார்த்தார். மெலிந்த மனிதர். சட்டைக் காலர் தேய்ந்திருந்தாலும் இஸ்திரி மடிப்பு கலையாதவர். "நான் குடுத்த தட்டு எங்க சம்பந்தியம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தேய்க்க நேரமில்லை அண்ணா. காலையிலேர்ந்து வேலை சரியா இருந்துச்சு."

"தேய்ச்சாலும் நாலு நாள்தானே" என்றாள் புஷ்பா காகு, தன் மடியைப் பார்த்துக்கொண்டு.

திகம்பர் துணிப்பையைத் திறந்தார். கறுப்பு உரைகல் ஒன்றையும் சின்ன அமிலப் புட்டியையும் எடுத்து டீப்பாய் மேல் வைத்தார்.

ருத்துஜா காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள். "அப்பா! உள்ள வைங்க அதை."

"ஏன்? பன்னண்டரைக்கு எல்லாரும் வரட்டும். அவங்க முன்னால நானே உரசிக் காட்டறேன்."

"உங்க சீரை நீங்களே உரசுவீங்களா? நாளைக்கு யாராவது கடைப் படி ஏறுவாங்களா?"

"இப்ப மட்டும் யாரு ஏறறாங்க?"

தான் கொடுத்ததைத் தானே உரசிக் காட்டும் கடைக்காரன், தன் வாக்கு செல்லாது என்று ஊரறிய ஒப்புக்கொள்கிறான். அது மோரேஷ்வருக்குத் தெரியும். திகம்பருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

மோரேஷ்வர் எழுந்தார். "சம்பந்தி, கொஞ்சம் பால்கனிக்கு வாங்க."

பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார். விருந்தினர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எவ்வளவு குறைவாகச் சொல்லி முடிக்கலாம் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்டதை நினைத்துப் பின்னால் அவர் வெட்கப்பட்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்க. அன்னிக்கு ஏதோ வாய் தவறி ஒரு பேச்சு..."

"தவறினது ஒரு பேச்சுதான் சாகேப்." திகம்பர் குரலை உயர்த்தவில்லை. "கணபதி வந்தா வெள்ளி அறுகம்புல்லு வாங்க எங்க கடை வாசல்ல தெரு அடைச்சு நிப்பாங்க. இந்த வருஷம் நான் தனியா உக்காந்து ஈ ஓட்டினேன். என் தம்பி மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்க, நீங்க என்ன வெள்ளி போடுவீங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டே."

மோரேஷ்வர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எதிரே சொசைட்டி மதிலுக்கு அப்பால் அந்தக் குப்பை மேடு. ஆறு மாடி உயரம். மழை முடிந்திருந்ததால் பச்சைப் பசேலென்று புல். சரிவில் ஆடுகள் மேய்ந்தன. இந்தப் பக்கம் நான்கைந்து இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து நின்றன. காற்றில் அழுகிய முட்டை வாடை லேசாக இருந்தது. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. புதிதாக வந்த திகம்பர் மட்டும் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். ஆனாலும் மரியாதை தவறவில்லை.

"என்ன அழகா புல்லு முளைச்சிருக்கு! இந்தக் குப்பையை மண் போட்டு மூடினதே நீங்கதான்னு மாப்பிள்ளை சொன்னாரு. காட்வலி முனிசிபாலிட்டில நீங்க பாத்த கடைசி வேலையாமே? பெரிய காரியம் சாகேப். ஊருக்கே செஞ்ச உபகாரம்."

உள்ளதை உள்ளபடி நம்பிச் சொன்ன பாராட்டு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மோரேஷ்வர் உள்ளே போனார். கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்கு. இரும்பு பீரோவின் மேல்தட்டில், புடவைகளுக்குப் பின்னால், சிவப்புத் துணியில் சுற்றியது ஒன்று இருந்தது. அவர் அம்மாவின் வெள்ளிக் கிண்ணம். அவருக்கும், அவர் தம்பிகளுக்கும், அமேய்க்கும் முதல் சோறு ஊட்டிய கிண்ணம். கேல்ஷிகர் வீட்டு வெள்ளியைப் பற்றி எவனும் ஒரு சொல் சொன்னதில்லை. எட்டு நாள் முன்பு ரஃபீக் போன பிறகு அதை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றி, இன்னும் உள்ளே தள்ளி வைத்திருந்தார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அறுபத்துநான்கு வயதில் இதுவரை அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும்படி நடந்துகொண்டதில்லை என்றுதான் நினைத்திருந்தார். சம்பந்தி வந்து தானே தன் சீரை உரசிவிட்டுப் போனால், வெள்ளி சுத்தம் என்று தெரிந்துவிடும். தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அந்த யோசனை வந்தது. வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு நிமிடம் அது அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

பிறகு எழுந்தார்.

கூடத்தில் வந்து, துணியைப் பிரித்து, உரைகல்லுக்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்தார். கரி பூசியது போல் இருந்தது.

சுலபாதான் முதலில் பேசினாள். "ஐயோ, இது அம்மாவோட கிண்ணமில்லையா? எப்ப இப்படி ஆச்சு?"

"நான் பாத்து எட்டு நாள் ஆச்சு."

"எட்டு நாளா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். சம்பந்தி, அந்தக் கல்லை எடுத்துப் பையில வைங்க. உங்க வெள்ளில குத்தம் இல்லை. இங்க இருக்கிற காத்துல குத்தம். செம்பு, வெள்ளி எதையும் விடாம கறுக்க வைக்குது. எங்க அம்மா கிண்ணம் பீரோவுக்குள்ள துணி சுத்தி இருந்தே இப்படி ஆயிருக்கு. இது தெரிஞ்சும் எட்டு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். சங்கராந்தி அன்னிக்கு நான் பேசினது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு இந்த எட்டு நாள்."

கைகூப்பினார். முதுகு வளையவில்லை, அந்த முதுகுக்கு வளையத் தெரியாது. ஆனால் கூப்பிய கையை அவர் உடனே இறக்கவில்லை.

"அடக் கடவுளே!" புஷ்பா காகு நெஞ்சில் கை வைத்தாள். "அப்போ என் ஃப்ரிட்ஜ்? ரெண்டு தரம் போச்சே! நான் அந்தக் கடைக்காரப் பையனை வாசல்ல நிறுத்தி என்ன கிழி கிழிச்சேன்! என் மூக்குத்தி, கம்மலெல்லாம் எப்படி இருக்கோ தெரியலையே!"

யாரும் சிரிக்கவில்லை.

திகம்பர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் விளிம்பைச் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. "நல்ல வெள்ளி" என்றார். "ரத்னகிரி வேலை. எங்க தாத்தா காலத்து ஆளுங்க செஞ்சது." கிண்ணத்தை வைத்தார். கல்லையும் புட்டியையும் பைக்குள் போட்டார். அவர் முகத்தில் வெற்றி இல்லை. பத்து மாதம் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஸ்டூலிலிருந்து அமேய் இறங்கினான்.

"காத்து எங்கேர்ந்து பாபா வருது?"

மோரேஷ்வர் பால்கனிப் பக்கம் பார்த்தார்.

"அந்த மேட்டுலேர்ந்தா? அதை நீங்கதானே மூடினீங்க. இங்க வீடு வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன். அந்த மண்ணை என்னைவிடத் தெரிஞ்சவன் யாருன்னு கேட்டீங்க. ஒரு வாடை வராதுன்னீங்க."

"வரக்கூடாதுதான்."

"அப்புறம் ஏன் வருது?"

ஒப்பந்தக்காரரைச் சொல்லலாம். மழையைச் சொல்லலாம். ஆறு வருஷமாகத் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிவந்தார்.

"உள்ள அழுகற காத்து மேல போறதுக்கு முப்பத்தாறு குழாய் இறக்கணும்னு பிளான்" என்றார். "பதினாலு இறக்கினோம். மழை பிடிச்சுக்கிச்சு. மிச்சத்தை மழை முடிஞ்சு இறக்கலாம்னு எழுதி வெச்சிருக்கணும். அடுத்த மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். என் கையால ஆரம்பிச்ச வேலை என் கையாலயே முடிஞ்சதுன்னு இருக்கணும்னு ஆசை. முப்பத்தாறும் இறங்கியாச்சுன்னு கையெழுத்துப் போட்டேன். மாலை போட்டாங்க. வாங்கிக்கிட்டேன். மேல போக வழியில்லாத காத்து பக்கவாட்டுல வருது."

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது. அடுப்பை அணைக்க யாரும் போகவில்லை.

"பாபா." ருத்துஜா வயிற்றின் மேல் கை வைத்திருந்தாள். "தினம் காலையில தலை வெடிக்குதுன்னு சொல்வேனே. அம்மா வீட்டுக்குப் போனா இல்லைன்னு சொல்வேனே. மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இந்த எட்டு நாளும் சொன்னீங்க."

அவர் தலையாட்டினார்.

"அப்போ உள்ள இருக்கிறதும் ஏழு மாசமா இதைத்தான்..." அவள் முடிக்கவில்லை. குற்றம் சாட்டும் குரலில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கும் குரல்.

வாசல் மணி அடித்தது. முதல் விருந்தினர்கள்.

சுலபா எழுந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் திகம்பரின் வெள்ளித் தட்டு. கழுவித் துடைத்திருந்தாள். தேய்க்கவில்லை. அந்தக் கறுத்த தட்டிலேயே போளியும், மசாலா சாதமும், கொத்தமல்லி வடையும் பரிமாறி மருமகள் முன்னால் வைத்தாள். வந்த பதினெட்டுப் பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

மோரேஷ்வர் அவர்கள் நடுவில் போய் நின்றார். பெண்கள் விருந்தில் ஆண்பிள்ளை நுழைவது வழக்கமில்லை. நின்றபடியே, வெள்ளியைப் பற்றிச் சொன்னதை ஒருமுறை, குழாய்களைப் பற்றிச் சொன்னதை ஒருமுறை, முன்பு சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

மூன்றரை மணிக்கு வீடு காலியாயிற்று. மோரேஷ்வர் திகம்பரிடம் வந்தார்.

"தீபாவளி கழிச்சுதான் ருத்துஜாவைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறதா பேச்சு. வேண்டாம். இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க."

"இன்னிக்கேவா?" சுலபா பதறினாள். "நல்ல நாள் பாக்க வேண்டாமா?"

"காத்து நாள் பாக்கலை."

திகம்பர் தயங்கினார். "குழந்தை பிறந்து ஒண்ணரை மாசத்துல நானே கொண்டுவந்து விட்டுடறேன்."

"விடாதீங்க. மிச்ச இருபத்திரண்டு குழாயும் இறங்கணும். அதுவரைக்கும் நான் வந்து கூப்பிட்டாலும் அனுப்பாதீங்க. சம்பந்தம் சங்கடம்னு எதையும் பாக்காதீங்க."

"என் பேரனை நான் எப்பப் பாக்கறது?" என்றாள் சுலபா. பத்து மாதமாக மருமகள் வீட்டைக் குறை பேசிய வாய் அது. இப்போது தலைப்பால் மூடிக்கொண்டது.

"நாம ரயில் ஏறிப் போய்ப் பாப்போம்."

ருத்துஜா பெட்டி கட்டினாள். பத்து வெள்ளி உருப்படியையும் அவளே ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினாள். அம்மாவின் கிண்ணத்தை மோரேஷ்வர் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "இது இங்கயே இருக்கட்டும் பாபா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அவர்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக அமேய் ஆட்டோ கொண்டுவந்தான். அவர்களோடு படியிறங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அப்பா முன்னால் வைத்தான்.

"எழுதுங்க. பதினாலுதான் இறக்கினோம்னு. நாளைக்குக் காலையில முனிசிபாலிட்டில நானே கொண்டு குடுக்கறேன்."

"பென்ஷன்ல கை வைப்பாங்கடா" என்றாள் சுலபா. "நாலு பேர் முன்னால உங்க அப்பாவை நிக்க வைப்பாங்க."

"ஊர்ல ஒரு மனுஷரைப் பத்து மாசம் நிக்க வெச்சோமேம்மா."

ஆட்டோ போன சத்தம் கேட்டது. மோரேஷ்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். தேதி. பெயர். வகித்த பதவி. கையெழுத்து இப்போதும் அச்சு மாதிரி இருந்தது. "என் மேற்பார்வையில் இறக்கப்பட்ட குழாய்களின் எண்ணிக்கை" என்பது வரை வந்தார். பேனா அங்கே நின்றது. சுலபா எதிரில் உட்கார்ந்து அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கும் முன்பே சொசைட்டி முழுக்க ஒரு பேச்சு பரவிவிட்டது. அவமானம் தாங்காத சிப்ளூண்காரர், விருந்து முடிந்த கையோடு மகளை அழ அழ இழுத்துக்கொண்டு போய்விட்டார் என்று.

அது பொய். திகம்பர் யாரையும் இழுக்கவில்லை. ருத்துஜா அழவில்லை. அவளை அனுப்பி வைத்தவர் மாமனார் மோரேஷ்வர் கேல்ஷிகர்.